பழைய 800ல கூலன்ட் குறைஞ்சுகிட்டே போகுது, ஹெட்டை இறக்கியே ஆகணுமா?

வாங்கல்ரோடு:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2001 மாடல் மாருதி 800, எம்பிஎஃப்ஐ, 1,14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. அப்பா வாங்கினது, இப்ப அவரால ஓட்ட முடியல, நான்தான் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை எடுத்து ஓட்டறேன், விக்கறதுக்கு அவருக்கும் மனசு வரல எனக்கும் வரல.

பிரச்சனை என்னன்னா ஆறு மாசமா கூலன்ட் (எஞ்சினை ஆற வெக்க ரேடியேட்டர்ல ஊத்தறது) குறையுது. ஆரம்பத்துல மாசத்துக்கு ஒருக்கா ரிசர்வாயர் டப்பால கொஞ்சம் ஊத்தினா போதும்னு இருந்துச்சு, நானும் பெருசா கண்டுக்கல. அப்புறம் வாரம் ஒருக்கான்னு ஆச்சு. ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன், ரேடியேட்டர் போயிருச்சுன்னு சொல்லி புது ரேடியேட்டர், புது கேப், மேல கீழ ரெண்டு ஹோஸ் எல்லாம் மாத்தி 5,200 வாங்கினாங்க. கூத்து என்னன்னா அதுக்கு அப்புறம் லீக் இன்னும் ஜாஸ்தி ஆயிருச்சு, நாலு நாளைக்கு அரை லிட்டர் குடிக்குது. திரும்ப எடுத்துட்டு போனா கேப்பை கழட்டி ஸ்டார்ட் பண்ணி பாத்துட்டு "பாருங்க பபிள் வருது, ஹெட் கேஸ்கட் போச்சு, ஹெட்டை இறக்கி லேத்துல ஃபேஸிங் கொடுத்து மட்டம் பண்ணணும், 12,000 ஆகும்"ங்கறாங்க (ஹெட்டுங்கறது எஞ்சினோட மேல்பாகம், அதுக்கும் கீழ இருக்கற பிளாக்குக்கும் நடுவுல வர்ற அடைப்புத் தகடுதான் கேஸ்கட்).

வண்டி ஓடறப்ப எந்த தொந்தரவும் இல்ல, டெம்பரேச்சர் முள்ளு கால்வாசிக்கு மேல ஏறினதே கிடையாது, அந்த விஷயத்துல எஞ்சின் சூப்பர். வெள்ளப் புகையும் இல்ல. சில நாள் காலைல வண்டிக்கு அடியில ஈரம் இருக்கும், சில நாள் ஒண்ணும் இருக்காது. அப்பா வேற "நான் இருபது வருசம் ஓட்டினேன் ஒரு சொட்டு ஒழுகல, உன் கைல வந்ததும் ஒழுகுது"ன்னு டெய்லி ஒரு பாட்டு. ஹெட்டை இறக்கலாமா வேண்டாமா, யாராவது சொல்லுங்க.

சைலன்சர்செல்வம்:
ப்ரோ எதுக்கு 12,000? ரெண்டு ஸ்பூன் மஞ்சத்தூள் ரேடியேட்டர்ல போட்டு அரைமணி நேரம் ஓட்டுங்க, லீக் தானா அடைச்சுக்கும். எங்க ஊர்ல டாக்ஸிகாரங்க எல்லாம் இதான் பண்ணுவாங்க. எனக்கு ஒர்க் ஆயிருக்கு 👍

டிப்போமெக்:
செல்வம், மஞ்சத்தூளு அடைக்கும், நான் இல்லைங்கல. நடுராத்திரி நடுக்காட்டுல மாட்டிகிட்டா நானே போட்டு வண்டிய ஊருக்கு கொண்டாந்திருக்கேன். ஆனா அது ஓட்டைய மட்டும் பாத்து அடைக்காது, ரேடியேட்டர் டியூப்பு, ஹீட்டர் டியூப்பு எல்லாம் ஊசி கணக்கா சன்னமா இருக்கும், அதுலயும் போய் களி மாதிரி உக்காந்துக்கும். இந்த தம்பி இப்பதான் 5,200 குடுத்து புது ரேடியேட்டர் போட்டிருக்காரு. கைய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க.

தம்பி வாங்கல்ரோடு, நான் பஸ் டிப்போல 31 வருசம் இருந்து ரிட்டயர்டு ஆனவன். நீ எழுதினதுல மூணு விஷயம் எனக்கு உறுத்துது.

ஒண்ணு, பபிள். ரேடியேட்டர் மாத்தினதுக்கு அப்புறம் ஏர் எடுக்காம விட்டா, கேப்பை தொறந்து ஸ்டார்ட் பண்ணா பபிள் வரத்தான் செய்யும், உள்ள மாட்டின காத்து வெளிய வருது, அவ்வளவுதான். அது கொஞ்ச நேரத்துல நின்னுடும். ஹெட் கேஸ்கட் போனா வர்ற பபிள் நிக்கவே நிக்காது, ஆக்ஸிலேட்டர் குடுக்க குடுக்க சோடா பாட்டில் மாதிரி பொங்கும். எது வந்துச்சுன்னு அவங்க பாத்தாங்களா?

ரெண்டாவது, புது கேப் போட்டதும் லீக் ஜாஸ்தி ஆச்சுன்னு சொன்ன பாரு, அதுதான் இதுல பெரிய துப்பு. கேப்புங்கறது சும்மா மூடி இல்ல தம்பி, உள்ள ஸ்பிரிங் வெச்ச வால்வு. மேல 0.9னு போட்டிருந்தா கிட்டத்தட்ட 13 பவுண்டு பிரஷர் வரைக்கும் உள்ளயே புடிச்சு வெக்கும், அந்த பிரஷர்னாலதான் 100 டிகிரில கொதிக்க வேண்டிய தண்ணி 118 வரைக்கும் கொதிக்காம தாங்குது. உன் பழைய கேப்போட ஸ்பிரிங் லொட லொடன்னு ஆகியிருக்கும், பிரஷரே நின்னிருக்காது, அதனால ஓட்டையில தண்ணி மெதுவா கசிஞ்சிருக்கு. புது கேப் ஒழுங்கா பிரஷர் புடிக்குது, இப்ப அதே ஓட்டைல வேகமா தள்ளுது. அப்படின்னா என்ன அர்த்தம்? ஓட்டை ரேடியேட்டர்ல இல்லவே இல்ல, முதல்ல இருந்தே வேற எங்கயோ இருக்கு.

மூணாவது அந்த முள்ளு. அதை பின்னாடி பேசுவோம்.

இப்ப செலவில்லாத வேலை சொல்றேன். டிவி, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி இருந்தா பிரிச்சு வண்டிக்கு அடியில விரி. சாயங்காலம் ஓட்டிட்டு வந்து நிறுத்தினதும் விரிச்சுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு ஒருக்கா பாரு, காலைல ஒருக்கா பாரு. ஈரம் எந்த நேரத்துல வருது, முன்சக்கரத்துக்கு எந்தப் பக்கம் வருதுன்னு பேனாவுல வட்டம் போட்டு வை. தொட்டுப் பாரு, ஏசி தண்ணின்னா வெறும் தண்ணி, கூலன்ட்னா வழவழன்னு இருக்கும், கலர் இருக்கும், லேசா இனிப்பு வாசம் அடிக்கும். வாய்ல வெக்காத, விஷம். தெருநாய் இனிப்புக்கு நக்கும், பூனையும் நக்கிடும், பாத்துக்க.

காலைல எஞ்சின் ஜில்லுன்னு இருக்கறப்ப கேப் போட்டபடியே ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிசத்துல மேல் ஹோஸை அமுக்கிப் பாரு. சூடே ஏறாம ஹோஸ் கல்லு மாதிரி விறைச்சுதுன்னா சிலிண்டர் கேஸ் உள்ள போகுது, அப்ப ஹெட்டுதான். மெத்துன்னு இருந்தா பெரும்பாலும் ஹெட்டு இல்ல. ஆயில் கேப்பையும் கழட்டிப் பாரு, ஆயில் அளவு பாக்கற டிப்ஸ்டிக்கையும் பாரு, வந்து சொல்லு.

சூடான எஞ்சின்ல ரேடியேட்டர் கேப்பை மட்டும் தொட்டுடாத. என் முன்னங்கைல இன்னும் தழும்பு இருக்கு.

நீலகிரிவாசி:
அண்ணா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், வெளிய ஒழுகலைன்னா உள்ளயும் பாருங்க, எஞ்சினுக்கு உள்ளன்னு சொல்லல, வண்டிக்கு உள்ள. நான் குன்னூர். என் பழைய வண்டில இதே மாதிரி கூலன்ட் காணாம போச்சு, அடியில ஒரு சொட்டு கிடையாது. இடது பக்கம் கால் வைக்கற இடத்துல மேட் எப்பவும் நசநசன்னு இருக்கும், மெக்கானிக் கிட்ட சொன்னா "ஏசி டிரெயின் அடைச்சிருக்கும் மேடம்"ங்கறார், நான் குன்னூர்ல எதுக்குங்க ஏசி போடப்போறேன்! ஹீட்டர் போட்டா கண்ணாடி தெளியறதுக்கு பதிலா எண்ணெய் தடவின மாதிரி மங்கும், ஒரு மாதிரி இனிப்பா வாசம் வேற, நான் பையன் ஏதோ ஜூஸ் கொட்டிட்டான்னு நெனச்சு அவனை திட்டிகிட்டு இருந்தேன். கடைசில பாத்தா டேஷ்போர்டுக்கு உள்ள சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கற ஹீட்டர் கோர் ஓட்டை. டேஷ்போர்டை பிரிக்க நாலு நாள் ஆகும்னாங்க, அதுவரைக்கும் எஞ்சின் பக்கம் ஹீட்டருக்கு போற ரெண்டு ஹோஸையும் ஒண்ணா இணைச்சு பைபாஸ் பண்ணி ஓட்டினேன். மேட்டை தூக்கி கீழ கைய வெச்சு பாருங்க, மேல காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அடி ஸ்பாஞ்ச்ல நிக்கும்.

வாங்கல்ரோடு:
டிப்போ அண்ணே, மேடம், ரொம்ப நன்றி. மூணு நாளா பாத்துட்டு எழுதறேன்.

மேட் தூக்கிப் பாத்தேன், காஞ்சு கிடக்கு, ஒரு பத்து ரூபா நாணயம்தான் கிடைச்சுது. ஹீட்டர் இல்ல.

அட்டை விரிச்சேன் (அப்பா திண்ணைல உக்காந்து ஏதோ வடாம் காய வெக்கற மாதிரி வேடிக்கை பாத்தார்). சாயங்காலம் 22 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து நிறுத்தினேன், ஒரு மணி நேரம் கழிச்சு பாத்தா அட்டை சுத்தமா காஞ்சிருக்கு. காலைல ஆறு மணிக்கு பாத்தா உள்ளங்கை அளவுக்கு ஈரம், பச்சை கலர், வழவழப்பு இருக்கு. மூணு நாளும் இதே கதை. இடம் வந்து கியர்பாக்ஸுக்கு அடியில.

ஹோஸ் அமுக்கிப் பாத்தேன், ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிசம் வரைக்கும் மெத்துன்னுதான் இருக்கு. கேப்பை தொறந்து வெச்சு ஓட விட்டேன், முதல்ல பபிள் வந்துச்சு, பத்து நிமிசத்துல நின்னுருச்சு, லெவல் இறங்கினதுக்கு தண்ணி ஊத்தினேன், அப்புறம் வரவே இல்ல.

ஆனா ஒரு பயம். ஆயில் கேப்புக்கு உள்பக்கம் காபி நுரை மாதிரி பழுப்பா கொஞ்சம் ஒட்டியிருக்கு. நெட்ல தேடினா இது ஹெட் கேஸ்கட்னு போட்டிருக்கான். டிப்ஸ்டிக்ல ஆயில் நார்மலாதான் இருக்கு. நேத்து ராத்திரி தூக்கமே வரல.

டிப்போமெக்:
தூங்கு தம்பி. டிப்ஸ்டிக் சுத்தமா இருக்கு, கேப்புல மட்டும் நுரைன்னா அது கூலன்ட் இல்ல, எஞ்சின் சரியா சூடேறாம உள்ள வேர்த்து நிக்கற ஈரம். கேஸ்கட் போய் தண்ணி கலந்தா மொத்த ஆயிலும் பால் காபி ஆயிடும், லெவலும் ஏறும். நீ வாரம் ரெண்டு தடவை கடைக்கும் வீட்டுக்கும் எடுக்கற வண்டி. அதுவும் முள்ளு கால்வாசிக்கு மேல ஏறாதுன்னு பெருமையா வேற சொன்ன. எனக்கு என்ன சந்தேகம்னா எஞ்சின் சூடேறற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம மூடி வெக்கற தெர்மோஸ்டாட் வால்வை எவனோ ஒருத்தன் என்னிக்கோ கழட்டி எறிஞ்சிருக்கான். நம்ம ஊர்ல பாதி மெக்கானிக்குங்க "சூடான ஊருக்கு வால்வு எதுக்கு"ன்னு எடுத்துடுவாங்க. வால்வு இல்லைன்னா எஞ்சின் ஜில்லுனே ஓடும், ஆயில் கெடும், பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும். சரி அது கிடக்கட்டும்.

ராத்திரி ஒழுகி காலைல தெரியுது, ஓட்டி வந்த உடனே இல்ல. இது ஜில்லுல ஒழுகற லீக். சூடா இருக்கறப்ப இரும்பு அலுமினியம் எல்லாம் விரிஞ்சு இறுக்கமா உக்காந்திருக்கும், ஆறும்போது சுருங்கும், உள்ள மிச்ச பிரஷர் கொஞ்சம் இருக்கும், கிளிப்பு லூஸா இருந்தாலோ ஓரிங்குங்கற ரப்பர் வளையம் காஞ்சு கல்லா போயிருந்தாலோ அந்த நேரம் பாத்து சொட்டும். ஓடறப்ப சொட்டினாலும் சூட்டுல ஆவியா போயிடும், வெறும் கறை மட்டும் நிக்கும்.

ஒரு கேள்வி. வண்டி நிக்கற இடம் சமமா இருக்கா?

வாங்கல்ரோடு:
இல்லண்ணே, வாசல் சாய்வு மேல முன்பக்கம் தூக்கின மாதிரி நிக்கும்.

டிப்போமெக்:
அதான். முன்பக்கம் தூக்கி நின்னா சொட்டு எங்க இருந்து கிளம்பினாலும் எஞ்சின் அடிப்பக்கத்தை ஒட்டியே பின்னால ஓடி வந்து தாழ்ந்த இடத்துல விழும். ஈரம் விழற இடத்துக்கு நேர் மேல ஓட்டை இருக்கணும்னு எந்த சட்டமும் இல்ல. மேல் நோக்கிப் போ, ஈரம் எந்த உச்சில தொடங்குதோ அதுதான் இடம்.

ஏதாவது ரேடியேட்டர் பட்டறைல பிரஷர் டெஸ்டர் இருக்கான்னு விசாரி. சைக்கிள் பம்பு மாதிரி இருக்கும், மீட்டர் வெச்சிருக்கும், கேப்புக்கு பதிலா அதை மாட்டி எஞ்சின் ஆஃப்ல ஜில்லுனு இருக்கறப்பவே காத்து ஏத்தணும். 13 பவுண்டுக்கு மேல ஏத்த விடாத. ஏத்திட்டு பத்து நிமிசம் விடு, முள்ளு இறங்குதான்னு பாரு. இறங்கினா டார்ச்சு, ஒரு சின்ன கண்ணாடி எடுத்துகிட்டு தேடு.

எங்கெல்லாம்னா, வாட்டர் பம்புல அடியில ஒரு சின்ன ஓட்டை வெச்சிருப்பான், உள்ள சீல் போனா அது வழியா ஒழுகி காட்டிக்குடுக்கும், அங்க பச்சையாவோ வெள்ளையாவோ உப்பு பூத்திருந்தா பம்பு. அப்புறம் பிளாக்ல ரூபா காசு மாதிரி வட்டமா தகடு அடிச்சு ஏத்தியிருக்கும், வெறும் தண்ணி ஊத்தின வண்டில அது உள்ள இருந்து துரு தின்னு ஓட்டை விழும். அப்புறம் எஞ்சினுக்கு பின்னால பிளாக்கை ஒட்டி ஒரு இரும்பு பைப்பு பம்புக்கு போகும், அதுதான் கண்ணுக்கே தெரியாது, அதுமேல எனக்கு ஒரு கண்ணு இருக்கு. இத்தனை வருசம் உங்க அப்பா என்ன ஊத்தினார்? கூலன்டா தண்ணியா?

அம்பாசடர்பேரன்:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். இந்த கூலன்டே ஒரு வியாபாரம்ங்க. எங்க தாத்தா அம்பாசடருக்கு கிணத்துத் தண்ணிதான் ஊத்தினார், வாய்க்கால் ஓரமா நிறுத்தி சொம்புல மொண்டு ஊத்தினதை நானே பாத்திருக்கேன். ஒண்ணும் ஆகல.

டிப்போமெக்:
ஆகியிருக்காது, ஏன்னா அந்த பெட்ரோல் அம்பாசடர்ல பிளாக்கும் இரும்பு ஹெட்டும் இரும்பு, ரேடியேட்டர் பித்தளை. துரு புடிச்சா வருசத்துக்கு ஒருக்கா பட்டறைல குடுத்து கழுவி ஈயம் வெச்சு பத்த வெச்சு மாட்டிடுவோம். 800ல ஹெட் அலுமினியம், பைப்பு இரும்பு, புது ரேடியேட்டர் அலுமினியத்துல பிளாஸ்டிக் தொட்டி. இத்தனை ஜாதியும் ஒரே தண்ணில கிடந்தா ஒண்ணை ஒண்ணு அரிக்கும். கூலன்ட்ல இருக்கற மருந்து அந்த அரிப்பை தடுக்கத்தான், நம்ம ஊர்ல ஐஸ் கட்டப்போறது இல்லைன்னு எனக்கும் தெரியும். கிணத்து தண்ணி பரவால்ல, இப்ப எல்லாம் 600 அடி போர் தண்ணி, பாத்திரத்துலயே வெள்ளையா படியுது, அதை எஞ்சின்ல ஊத்தலாமா?

வாங்கல்ரோடு:
அப்பாகிட்ட கேட்டேன். முதல் நாலஞ்சு வருசம் சர்வீஸ்ல கூலன்ட், அதுக்கப்புறம் "தண்ணிதாண்டா, ஊத்தறதுக்கு என்ன"ன்னு போர் தண்ணி. இதை சொல்லிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாம இருந்தார்.

வாங்கல்ரோடு:
அண்ணே முடிஞ்சுது!! கொஞ்சம் பெருசா எழுதறேன், பின்னால தேடி வர்றவங்களுக்கு உதவும்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வயசான அண்ணன் ரேடியேட்டர் பட்டறை வெச்சிருக்கார், அவர்கிட்ட டெஸ்டர் இருந்துச்சு. 13 பவுண்டு ஏத்தினார், டீ குடிச்சுட்டு வந்து பாத்தா 9ல நிக்குது. ரேடியேட்டர், ஹோஸ், கிளிப்பு எல்லாம் காஞ்சிருக்கு. வாட்டர் பம்பு ஓட்டை சுத்தமா இருக்கு. கேஸ்கட் போயிருந்தா சிலிண்டருக்குள்ள இறங்கியிருக்கும்னு மூணு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி பாத்தார், மூணும் காஞ்சு பழுப்பா இருக்கு. அப்புறம் என்கிட்ட கண்ணாடி இல்லைன்னு அவர் ஷேவிங் கண்ணாடிய எடுத்துட்டு வந்து எஞ்சினுக்கு பின்னால விட்டு டார்ச் அடிச்சார். "இங்க வாங்க தம்பி"ன்னார். பைப்புதான். பம்புக்குள்ள போற முனைல ஓரிங் பக்கத்துல ஒரு சொட்டு உருண்டு திரண்டு நிக்குது, பாத்துகிட்டு இருக்கறப்பவே கீழ விழுந்து பிளாக்கை ஒட்டி ஓடி கியர்பாக்ஸ் பக்கம் போகுது. நீங்க சொன்ன மாதிரியே.

பைப்பை கழட்ட ஒரு அரை நாள் ஆச்சு, ஒரு போல்ட் துரு புடிச்சு வரவே இல்ல, டீசல் ஊத்தி ஊறவெச்சு எடுத்தார். வெளிய எடுத்து பாத்தா ஓரிங் பிளாஸ்டிக் மாதிரி ஒடியுது, பைப்பு முனை உள்பக்கம் துரு தின்னு கருவேலம்பட்டை மாதிரி சொரசொரன்னு இருக்கு. அவர் ஸ்க்ரூடிரைவரால லேசா குத்தினார், உள்ள போயிருச்சு. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா ஓடறப்பவே உடைஞ்சு மொத்த தண்ணியும் ஒரே நிமிசத்துல கொட்டியிருக்கும்ங்கறார்.

புது பைப்பு, ஓரிங், கூலன்ட், கூலி எல்லாம் சேத்து 2,350. உள்ள ரெண்டு மூணு தடவை கழுவி விட்டோம், முதல் தடவை வந்த தண்ணி செம்மண் குட்டை மாதிரி இருந்துச்சு. அப்புறம் கூலன்டும் பேட்டரி தண்ணியும் பாதிக்கு பாதி, கேப் தொறந்து பபிள் நிக்கற வரைக்கும் ஓட விட்டு ஏர் எடுத்து மூடினார். டப்பால மார்க்கர் பேனாவுல கோடு போட்டிருக்கேன், இன்னிக்கு பதினோராவது நாள், கோடு அசையல. அட்டையும் காஞ்சே கிடக்கு.

பழைய பைப்பை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து அப்பாகிட்ட காட்டினேன். திருப்பி திருப்பி பாத்துட்டு திண்ணைல வெச்சார். இன்னும் அங்கதான் இருக்கு, எடுக்க விடமாட்டேங்கறார்.

நீலகிரிவாசி:
சூப்பர்ங்க! 12,000 மிச்சம். அந்த பத்து ரூபாயையும் சேத்துக்கோங்க 😄

சைலன்சர்செல்வம்:
மஞ்சத்தூள் போட்டிருந்தா 2,350ம் மிச்சம் ஆயிருக்கும் ப்ரோ. சும்மா சொன்னேன் டிப்போ அண்ணே கோவிச்சுக்காதீங்க.

டிப்போமெக்:
கோவம் எல்லாம் இல்ல செல்வம், உன் வண்டிக்கு ரேடியேட்டர் மாத்தறப்ப சொல்லு, வந்து பாக்கறேன்.

தம்பி, வால்வு இருந்துச்சா?

வாங்கல்ரோடு:
சொல்ல மறந்துட்டேன் அண்ணே. ஹவுசிங்கை தொறந்தா உள்ள காலி. அப்பாவை கேட்டா 2009லயோ 2010லயோ ஒரு மெக்கானிக் "இது வேண்டாத சாமான்"னு எடுத்துட்டான்னு சொல்றார். நாளைக்கு புதுசு வாங்கப் போறேன், 82 டிகிரில தொறக்கறதை கேக்கணுமா 88ஆ?

டிப்போமெக்:
உன் வண்டி புக்கை தொறந்து அதுல என்ன போட்டிருக்கோ அதை வாங்கு. கடைக்காரன் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுவான், கேக்காத. வாங்கினதும் மாட்டாத, முதல்ல வீட்ல கொதிக்கற தண்ணில நூல் கட்டி தொங்கவிட்டு தொறக்குதான்னு பாரு. சமையல் பாத்திரம் வேண்டாம், வேற எடுத்துக்க, வீட்ல திட்டு வாங்கினா நான் பொறுப்பு இல்ல.